முன்னால் விடும் இடம்: நெடுஞ்சாலை ஓட்டத்தில் வண்டிக்கும் வண்டிக்கும் உள்ள உறவு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறிவியல் ஆய்வில் தெரியவந்த ஒன்றை, அத்துறையில் பயிலாதவர்களும் விளங்கிக்கொள்ளும்படி தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது இந்தச் சொற்பொழிவின் நோக்கம். நாம் எல்லோரும் அன்றாடம் உள்ளே இருந்து அனுபவிக்கிற, ஆனால் வெளியே நின்று பார்க்க வாய்க்காத ஒன்றை இன்றைக்குப் பொருளாக எடுத்துக்கொண்டேன். நெடுஞ்சாலையில் ஒரு வண்டியின் ஓட்டம் இன்னொரு வண்டியின் ஓட்டத்தை எப்படி மாற்றுகிறது என்பதே அது.

பொங்கல் விடுமுறை முடிந்து தென்மாவட்டங்களிலிருந்து சென்னைக்குத் திரும்பும் இரவை நினைத்துக்கொள்ளுங்கள். செங்கல்பட்டு நெருங்கும்போது வண்டிகள் நின்றுவிடுகின்றன. “முன்னாடி ஏதோ ஆக்சிடென்ட் போல” என்கிறார் பக்கத்தில் இருப்பவர். பத்து நிமிடம் ஊர்ந்து போனபின் பாதை திடீரென்று விட்டுவிடுகிறது. கவிழ்ந்த லாரி இல்லை, போலீஸ் தடுப்பு இல்லை, சாலைப் பணி இல்லை. அப்படியானால் எதற்காக நின்றோம்?

இந்தக் கேள்விக்கு விடை உண்டு. அந்த விடையைத் தேடிப் பொறியாளர்களும் கணித அறிஞர்களும் இயற்பியலாளர்களும் ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகளாக உழைத்திருக்கிறார்கள். அவர்கள் கண்டதிலிருந்து நான் தெரிந்துகொண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முன்வண்டிக்கும் நம் வண்டிக்கும் நடுவே உள்ள இடம் வீணாகக் கிடக்கும் இடமல்ல. சாலை ஓடுவதே அந்த இடத்தால்தான். அதைக் காப்பது பின்னால் வருகிறவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய கடமை.

1. சாலையை எண்ணத் தொடங்கியவர்கள்

1930களில் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் புரூஸ் கிரீன்ஷீல்ட்ஸ் என்ற பொறியாளர் சாலையோரத்தில் சினிமா கேமரா ஒன்றை நிறுத்தி, ஓடும் வண்டிகளைச் சீரான கால இடைவெளியில் படம்பிடித்தார். அடுத்தடுத்த இரண்டு படங்களில் ஒரு வண்டி எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளந்தால் வேகம் தெரியும். ஒரே படத்தில் எத்தனை வண்டிகள் என்று எண்ணினால் நெருக்கம் தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, நெருக்கம் கூடக் கூட வேகம் நேர்கோட்டில் இறங்குவதாக அவருக்குப் பட்டது. 1935இல் அவர் வெளியிட்ட கட்டுரை இத்துறைக்கு அடித்தளம் இட்டது.

இந்த அறிவியலுக்கு மூன்று அளவைகள் போதும். ஒன்று வேகம். இரண்டாவது நெருக்கம், அதாவது ஒரு கிலோமீட்டர் சாலையில் எத்தனை வண்டிகள் இருக்கின்றன என்பது. மூன்றாவது ஓட்டம், அதாவது ஓர் இடத்தில் நின்று பார்த்தால் மணிக்கு எத்தனை வண்டிகள் கடக்கின்றன என்பது. வேகத்தை நெருக்கத்தால் பெருக்கினால் ஓட்டம். வெறிச்சோடிய சாலையில் வேகம் உண்டு, ஓட்டம் இல்லை. அடைத்துக்கொண்ட சாலையில் வண்டிகள் உண்டு, அங்கும் ஓட்டம் இல்லை. இரண்டுக்கும் நடுவே ஓரிடத்தில் ஓட்டம் உச்சத்தைத் தொடுகிறது. அதற்கு மேலும் வண்டிகளை உள்ளே விட்டால் சாலை முன்பைவிடக் குறைவாகவே சுமக்கும். நிரம்பி வழியும் சாலையைப் பார்த்து, ‘முழுக்கப் பயன்படுகிறது’ என்று நினைக்கிறோம். அந்த நேரத்தில் அது தன் திறனை இழந்து நிற்கிறது.

1955இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் லைட்ஹில், ஜெரால்ட் விதம் என்ற இரு கணித அறிஞர்கள் அடுத்தடுத்து இரண்டு கட்டுரைகளை வெளியிட்டார்கள். முதல் கட்டுரை நீண்ட ஆறுகளில் வெள்ளம் நகர்வதைப் பற்றியது. இரண்டாவது, நெரிசலான நெடுஞ்சாலையில் வண்டிகள் நகர்வதைப் பற்றியது. இரண்டுக்கும் ஒரே கணிதம். மறு ஆண்டு பால் ரிச்சர்ட்ஸ் என்பவரும் தனித்து அதே முடிவுக்கு வந்தார். ஆற்றிலும் சாலையிலும் ஓடுவது ஒன்று, அதன் மேல் பரவும் அலை வேறொன்று என்பதை அவர்கள் காட்டினார்கள். ஆற்றில் வெள்ளத்தின் முகடு தண்ணீரைவிட வேகமாகக் கீழ்நோக்கிப் போகிறது. சாலையில் அலை வண்டிகளைவிட மெதுவாகவே போகும். நெருக்கம் ஓர் அளவைத் தாண்டிவிட்டால், வண்டிகள் முன்னோக்கிப் போய்க்கொண்டிருக்கும்போதே அலை பின்னோக்கித் திரும்பிவிடும்.

2. நெரிசல் ஏன் பின்னால் வருகிறது?

இதைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்கள் மாலை மங்கும் வேளையில் நெடுஞ்சாலையின் குறுக்கே போகும் நடைமேம்பாலம் ஒன்றில் ஏறி, வண்டிகளின் பின்பக்கம் தெரியும்படி நில்லுங்கள். தூரத்தில் ஒரு கொத்து சிவப்பு விளக்கு எரியும். வண்டிகள் நம்மை விட்டு விலகிப் போய்க்கொண்டே இருக்கும். சிவப்பு மட்டும் நம்மை நோக்கி வரும். காலடியைக் கடந்து நமக்குப் பின்புறம் போய்விடும். நெரிசல் என்பது இடம்பெயரும் பொருள் என்று அப்போது விளங்கும்.

ரேஷன் கடை வரிசையை நினைத்துப் பாருங்கள். முன்னால் நிற்பவர் பொருள் வாங்கிக்கொண்டு போனதும், அடுத்தவர் ஓரடி எடுத்து வைக்கிறார். அதைப் பார்த்து அவருக்குப் பின்னால் இருப்பவர், பிறகு அவருக்கும் பின்னால் இருப்பவர் என்று நகர்கிறார்கள். ஆட்கள் முன்னோக்கிப் போகிறார்கள்; ‘நகரலாம்’ என்ற செய்தி பின்னோக்கிப் போகிறது.

சாலையிலும் இதேதான். கார்கள் நின்றுவிட்ட வரிசையில் ஒரு காருக்கும் அடுத்த காருக்கும், முன்முனையிலிருந்து முன்முனைக்கு, ஏழு மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். முன்வண்டி கிளம்பி ஒன்றரை முதல் இரண்டு நொடி கழித்துத்தான் பின்வண்டி கிளம்புகிறது. ஆகவே ‘கிளம்பலாம்’ என்ற செய்தி ஒன்றரை முதல் இரண்டு நொடிக்கு ஏழு மீட்டர் வீதம் பின்னால் போகிறது. கணக்குப் போட்டால் மணிக்குச் சுமார் 13 முதல் 17 கி.மீ. ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் நெரிசல் அலையை அளந்தவர்களுக்குக் கிடைத்த வேகமும் பெரும்பாலும் மணிக்கு 15 முதல் 20 கி.மீ.தான். நாடு மாறினாலும் மனிதனின் கண்ணுக்கும் காலுக்கும் இடையே ஆகும் நேரம் பெரிதாக மாறுவதில்லை. அதனால் அலையின் வேகமும் மாறுவதில்லை.

நெரிசலின் வால் பக்கத்தையும் கணக்கிடலாம். ஒரு தடத்தில் மணிக்கு 1,800 கார்கள் 80 கி.மீ. வேகத்தில் வருகின்றன. அப்படியானால் ஒரு கி.மீ.க்கு 22 அல்லது 23 கார்கள். நின்ற வரிசையிலோ ஒரு கி.மீ.க்குச் சுமார் 140. ஒவ்வொரு காரும் வந்து வாலில் சேரச் சேர, வால் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் பின்னால் வளர்கிறது. முன்பக்கமும் ஏறத்தாழ அதே வேகத்தில் கரைந்து பின்னால் வருகிறது. இரண்டும் சமமாக இருப்பதால் நெரிசலின் நீளம் குறைவதே இல்லை. காலை 9 மணிக்குப் பிறந்த நெரிசல், வரத்து குறையாத வரை, 10 மணிக்குச் சுமார் 15 கி.மீ. பின்னால் இருக்கும். அதில் அப்போது சிக்குகிறவர்கள், அது பிறந்தபோது பல ஊர்களுக்கு அப்பால் இருந்தவர்கள். அதைத் தொடங்கிவைத்தவர் எப்போதோ வீடு போய்ச் சேர்ந்திருப்பார். ‘எதற்காக நின்றோம்’ என்ற கேள்விக்குச் சம்பவ இடத்தில் விடை கிடைக்காமல் போவது இதனால்தான்.

3. ஒரு கால் பிரேக்கைத் தொடும்போது

அந்த முதல் சலனம் எங்கிருந்து வருகிறது? இதை ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர் ராபர்ட் ஹெர்மன். பேரண்டம் முழுவதும் ஒரு மெல்லிய வெப்பக் கதிர்வீச்சு எஞ்சியிருக்க வேண்டும் என்று ரால்ஃப் ஆல்ஃபருடன் சேர்ந்து 1948இல் கணித்துச் சொன்ன அதே இயற்பியலாளர் இவர். 1956இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தபின் சாலைப் போக்குவரத்தை எடுத்துக்கொண்டார். அவருடைய குழுவினர் இரண்டு கார்களை ஒரு கம்பியால் இணைத்துச் சோதனைத் தடத்தில் ஓட்டினார்கள். கம்பி ஓர் உருளையிலிருந்து பிரிந்தும் சுற்றியும் வரும். அதைக் கொண்டு முன்வண்டிக்கும் பின்வண்டிக்கும் உள்ள தூரமும் வேக வேறுபாடும் நொடிக்கு நொடி பதிவாயின.

பின்வண்டி ஓட்டுபவர் முக்கியமாக எதற்கு எதிர்வினை செய்கிறார்? தூரத்தைவிட வேக வேறுபாட்டுக்கே. முன்வண்டி நம்மைவிட மெதுவாகப் போனால் பிரேக், வேகமாகப் போனால் ஆக்சிலரேட்டர். இதில் இரண்டு செய்திகள் முக்கியம். ஒன்று, எவ்வளவு அழுத்தமாக எதிர்வினை செய்கிறார் என்பது. மற்றொன்று, எவ்வளவு தாமதமாகச் செய்கிறார் என்பது. அந்தத் தாமதம் சராசரியாக ஒன்றரை நொடி. இந்த இரண்டின் பெருக்கல் அரை என்ற எல்லைக்குள் இருந்தால், முன்னால் எழுந்த சலனம் பின்னால் போகப் போகத் தேய்ந்து மறையும். அரையைத் தாண்டினால் வண்டிக்கு வண்டி பெருகும். 1958இல் வெளியான அவர்களின் அளவீட்டில் சாதாரண ஓட்டுநர்கள் அந்த எல்லையை ஒட்டியே இருந்தார்கள். நாம் எல்லோரும் விளிம்பில்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

இதை நம் சாலையில் வைத்துப் பார்ப்போம். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் ஒரு வரிசை போகிறது; எல்லோரும் ஒட்டி ஒட்டிப் போகிறார்கள். முதலாமவர் சாலையோரத்தில் எதையோ பார்த்து பிரேக்கை லேசாகத் தொடுகிறார். வேகம் 72க்கு இறங்குகிறது. இரண்டாமவர் அதைக் கவனித்துக் காலை மாற்றுவதற்குள் ஒன்றரை நொடி போய்விடுகிறது. அதற்குள் இடைவெளி சுருங்கிவிட்டதால் அவருக்கு 72 போதாது, 66க்கு இறங்க வேண்டியிருக்கிறது. மூன்றாமவர் இன்னும் சுருங்கிய இடத்தைப் பார்க்கிறார், 58. இப்படியே போய் இருபதாவது வண்டியோ முப்பதாவது வண்டியோ முழுவதுமாக நிற்கிறது.

இங்கே யார் தவறு செய்தார்? யாரும் விதியை மீறவில்லை. முதலாமவர் தொட்டது ஒரு நொடி. இரண்டாமவர் மோதாமல் தப்பித்ததற்கு மகிழ்ந்திருப்பார். ஒவ்வொருவரும் முன்னால் நடந்ததற்குப் பதில் சொன்னார்கள், அவ்வளவே. ஆனால் இரண்டாமவருக்கு முன்னால் போதிய இடம் இருந்திருந்தால், அவர் பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்திருந்தாலே போதும். மூன்றாமவருக்குச் செய்தியே போயிருக்காது. சலனம் அவரோடு செத்திருக்கும். ஒரு சலனத்தை வாங்கித் தன்னோடு நிறுத்திக்கொள்பவரும், வாங்கியதைப் பெருக்கிப் பின்னால் தள்ளுபவரும் பார்வைக்கு ஒரே மாதிரி ஓட்டுநர்கள்தான். இருவருக்கும் உள்ள வேறுபாடு, முன்னால் விட்ட சில மீட்டர்கள்.

4. இருபத்திரண்டு கார்கள்

தடையே இல்லாமல் நெரிசல் பிறக்கும் என்பதை ஜப்பானில் யூக்கி சுகியாமாவும் அவருடைய குழுவினரும் நேரடியாகச் செய்து காட்டினார்கள். அவர்களின் கட்டுரை 2008இல் வெளியானது. 230 மீட்டர் சுற்றளவுள்ள ஒரு வட்டத் தடம். அதில் 22 கார்கள். சந்திப்பு இல்லை, சிக்னல் இல்லை, மேடு பள்ளம் இல்லை, ஓவர்டேக் இல்லை. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் முன்காரைப் பாதுகாப்பாகப் பின்தொடருங்கள் என்பது மட்டுமே ஓட்டுநர்களுக்குச் சொல்லப்பட்டது.

தொடக்கத்தில் எல்லாக் கார்களும் சீராகவே சுற்றின. சிறிது நேரத்தில் ஓரிடத்தில் இடைவெளி லேசாகக் குறைந்தது, வேறோரிடத்தில் கூடியது. யார் தொடங்கிவைத்தார் என்று சொல்ல முடியாத அளவுக்கு அது சிறியது. அது வளர்ந்தது. கடைசியில் சில கார்கள் முழுவதுமாக நின்றன. முன்னால் இருந்தவர் விடுபட்டு ஓடுவார், பின்னால் இருந்து இன்னொருவர் வந்து சேர்ந்து நிற்பார். அந்த நெரிசல், கார்கள் ஓடும் திசைக்கு எதிராக, மணிக்குச் சுமார் 20 கி.மீ. வேகத்தில் வட்டத்தைச் சுற்றி வந்தது.

அங்கே ஒரு காருக்குச் சராசரியாகக் கிடைத்த இடம் பத்தரை மீட்டர். காரின் நீளம் போக மீதி ஆறு மீட்டர் அளவு. 30 கி.மீ. வேகத்தில் ஆறு மீட்டரைக் கடக்க முக்கால் நொடிதான் ஆகும். மனிதனின் எதிர்வினைக்கு அதைவிடக் கூடுதல் நேரம் வேண்டும். இடைவெளி தரும் நேரம் எதிர்வினை நேரத்தைவிடக் குறையும்போது ஒழுங்கு தானாகவே குலையும். இருபத்திரண்டு பேரும் கவனமாக ஓட்டினாலும் குலையும். ஆகவே ‘நம்ம ஆட்களுக்கு ஒழுக்கம் கிடையாது, அதனால்தான் டிராபிக்’ என்று அலுத்துக்கொள்வது பாதி உண்மைகூட ஆகாது. நல்ல ஓட்டுநர்களும் இடம் விடாமல் ஓட்டினால் நெரிசலை உண்டாக்குவார்கள்.

5. இடம் விட்டால் சாலை குறைந்துவிடாதா?

இங்கே ஓர் ஐயம் எழுவது நியாயம். எல்லோரும் இடைவெளி விட்டால் ஒரு கிலோமீட்டரில் குறைவான வண்டிகள்தானே பிடிக்கும்? இருக்கிற சாலையே போதாத நாட்டில் இது ஆடம்பரம் அல்லவா?

இதற்கான விடை நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றுக்கு அடியில் போகும் ஹாலந்து சுரங்கப் பாதையில் கிடைத்தது. 1950களின் இறுதியில் லெஸ்லி ஈடி, ராபர்ட் ஃபுட் என்ற பொறியாளர்கள் அங்கே சோதனை நடத்தினார்கள். சுரங்கம் ஆற்றின் அடியில் இறங்கிப் பிறகு மேலே ஏறுகிறது. ஏற்றம் தொடங்கும் இடத்தில் வண்டிகள் சற்றே தளரும். பின்னால் நெருக்கமாக வரும் வண்டிகளில் அந்தத் தளர்ச்சி அலையாகப் பெருகிச் சுரங்கத்தின் வாயில்வரை திரும்பும். பொறியாளர்கள் வாயிலில் ஒரு கட்டுப்பாடு வைத்தார்கள். இரண்டு நிமிடத்துக்கு 44 வண்டிகள் மட்டும். அந்த எண்ணிக்கை முன்கூட்டியே முடிந்துவிட்டால், மீதி நேரம் வாயிலில் யாரும் நுழையக் கூடாது. ஒரு தொகுதிக்கும் அடுத்த தொகுதிக்கும் நடுவே வெற்றிடம் விழுந்தது. அலை அந்த வெற்றிடத்தில் வந்து முடிந்துபோனது. கட்டுப்பாடு இல்லாதபோது மணிக்கு 1,200 வண்டிகளுக்கும் குறைவாகக் கடந்த இடத்தில், நிறுத்தி நிறுத்தி அனுப்பியபின் 1,300க்கு மேல் கடந்தன.

வண்டிகளை வாயிலில் காக்கவைத்ததால் கூடுதல் வண்டிகள் போய்ச் சேர்ந்தன. ஒட்டி ஒட்டிப் போகும் ஓட்டம் சற்று நேரம் பெருகியதுபோல் தோன்றும். உடைந்துவிட்டால், நின்று கிளம்பும் வரிசை பழைய அளவை எட்டுவதில்லை. நூற்றுக்கு 5 முதல் 15 வரை குறைவாகவே ஓடும். இடைவெளி என்பது சாலை தன் திறனை இழக்காமல் இருக்கக் கொடுக்கும் காப்புத்தொகை.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் இதை எதிர்த்திசையில் சோதித்துப் பார்த்தது. மினியாபொலிஸ், செயின்ட் பால் இரட்டை நகரங்களில் விரைவுச்சாலைக்குள் நுழையும் இடங்களில் வண்டிகளை ஒவ்வொன்றாக விடும் சிக்னல்கள் சுமார் 430 இருந்தன. காத்திருக்கவைக்கிறது என்று மக்கள் குறைகூறியதால், 2000ஆம் ஆண்டு அவை எட்டு வாரம் அணைக்கப்பட்டன. விரைவுச்சாலையில் ஓட்டம் நூற்றுக்கு 9 குறைந்தது. பயண நேரம் 22 விழுக்காடு கூடியது. விபத்துகள் 26 விழுக்காடு கூடின. பிறகு சிக்னல்களை, சில மாற்றங்களோடு, மீண்டும் போட்டார்கள்.

6. நம் சாலையில்

இதுவரை சொன்னவை பெரும்பாலும் கார்கள் வரிசையில் போகும் நாடுகளின் கதை. நம் நெடுஞ்சாலையில் ஆம்னி பஸ்ஸும் டிப்பர் லாரியும் ஆட்டோவும் பைக்கும் டிராக்டரும் ஒரே தளத்தில் ஓடுகின்றன. தடக் கோடு ஓர் அலங்காரமாகவே இருக்கிறது. இங்கே அந்த அறிவியல் பொருந்துமா?

பொருந்தும், இன்னும் கூர்மையாகப் பொருந்தும். இந்திய சாலைக் காங்கிரஸ் 1990இல் வெளியிட்ட கிராமப்புறச் சாலைகளுக்கான வழிகாட்டியில், ஒவ்வொரு வகை வண்டியும் எத்தனை காருக்குச் சமம் என்று ஓர் அட்டவணை உண்டு. பைக் அரை. காரும் ஆட்டோவும் ஒன்று. லாரி, பஸ் மூன்று. டிரெய்லர் பூட்டிய டிராக்டர் நாலரை. மாட்டுவண்டி எட்டு. மாட்டுவண்டி லாரியைவிடப் பெரியதா? இல்லை. ஆனால் அதன் மெதுவான நடை தன்னைச் சுற்றியுள்ள வண்டிகளை லாரியைவிட அதிகமாகக் குலைக்கிறது. அந்த அட்டவணை அளப்பது வண்டியின் உருவத்தை அல்ல, பிற வண்டிகள் மேல் அது செலுத்தும் தாக்கத்தை.

ஒரு லாரியை இன்னொரு லாரி ஓவர்டேக் செய்வதை எடுத்துக்கொள்வோம். நான்குவழிச் சாலையில் இடப்பக்கம் ஒரு லாரி 60 கி.மீ. வேகத்தில் போகிறது. பின்னால் வரும் லாரி 64 கி.மீ. வேகத்தில் வலப்பக்கம் ஏறுகிறது. இரண்டு லாரிகளின் நீளத்தையும் முன்பின் விட வேண்டிய இடத்தையும் சேர்த்தால் 60 மீட்டர் முந்த வேண்டும். வேக வேறுபாடு நொடிக்கு 1.1 மீட்டர். ஆக 54 நொடி. அதற்குள் அந்த லாரி ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஓடியிருக்கும். அந்த ஒரு கிலோமீட்டரும் இரண்டு வழியும் அடைபட்டே இருக்கும். பின்னால் 100 கி.மீ. வேகத்தில் வந்த கார்கள் 64க்கு இறங்கிக் கொத்தாகச் சேர்கின்றன, ஒட்டிக்கொள்கின்றன. அலை பிறப்பதற்கு வேண்டிய எல்லாம் அங்கே தயார். லாரி ஓட்டுநரைக் குறைசொல்ல நான் வரவில்லை. ஏற்றிய சுமையோடு ஒருமுறை வேகத்தை இழந்தால் திரும்பப் பிடிக்க அவர் படும் பாடும் டீசல் செலவும் கார் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. ஏற்றம் உள்ள இடங்களில் மெதுவான வண்டிகளுக்குத் தனி வழி அமைப்பது சாலை போடுகிறவர்களின் பொறுப்பு.

பைக்குகளின் இயல்பு வேறு. சென்னை சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலத்தில் ஓடிய வண்டிகளை வீடியோவில் பிடித்து, ஒவ்வொரு வண்டியும் அரை நொடிக்கு ஒருமுறை எங்கே இருந்தது என்று வெங்கடேசன் கனகராஜும் உடன் ஆய்வாளர்களும் கணக்கெடுத்து 2015இல் வெளியிட்டார்கள். உலகெங்கும் கலப்புப் போக்குவரத்தை ஆராய்கிறவர்கள் இன்று எடுத்தாளும் தரவு அது. அங்கே பாதிக்கு மேற்பட்டவை இருசக்கர வாகனங்கள். நம் ஓட்டுநர் ஒரு முன்வண்டியை மட்டும் பின்தொடர்வதில்லை. நேர் முன்னால் ஒரு பஸ், இடப்பக்கம் கண்ணாடியை ஒட்டி ஒரு பைக், வலப்பக்கம் இண்டிகேட்டர் போடாமல் சாயும் ஓர் ஆட்டோ என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பதில் சொல்கிறார். பக்கவாட்டு இடமும் இங்கே இடைவெளிதான்.

“நான் இடம் விட்டால் உடனே ஒரு பைக் நுழைந்துவிடும், அப்புறம் ஒரு கார் நுழையும், நான் பின்னாலேயே போய்க்கொண்டிருக்க வேண்டியதுதான்” என்று நம் ஓட்டுநர்கள் சொல்வார்கள். இந்த வாதத்துக்கு எண்ணால் பதில் சொல்லலாம். ஒரு வண்டி நமக்கு முன் நுழைந்தால் நாம் இழப்பது அந்த வண்டிக்கான இடம் மட்டுமே, நேரத்தில் சுமார் இரண்டு நொடி. சென்னையிலிருந்து விழுப்புரம் போவதற்குள் முப்பது வண்டிகள் அப்படி நுழைந்தாலும் இழப்பு ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தைக் கொடுக்க மனமில்லாமல் நாம் எல்லோரும் சேர்ந்து உண்டாக்கும் நெரிசலில் ஒரு மணி நேரம் நிற்கிறோம்.

உயிரிழப்பையும் சொல்லாமல் இருக்க முடியாது. 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. விபத்துகளின் எண்ணிக்கையில் அவ்வாண்டு தமிழ்நாடே முதலிடம். பின்னால் இருந்து மோதியவை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. நெரிசலை உண்டாக்கும் அதே ஒட்டுதல்தான் உயிரையும் எடுக்கிறது. 80 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. பிரேக்கில் கால் படுவதற்குள் 33 மீட்டர் போய்விடும். முன்வண்டிக்கும் நமக்கும் பத்து மீட்டர் மட்டும் இருந்தால், அதற்குப் பிறகு நடப்பது நம் கையில் இல்லை.

7. செய்ய வேண்டியவை

இயந்திரங்கள் நெரிசலைத் தீர்த்துவிடும் என்ற நம்பிக்கை பரவியிருக்கிறது. அதில் உண்மை உண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வட்டத் தடச் சோதனையை மீண்டும் செய்து, இருபதுக்கு மேற்பட்ட வண்டிகளில் ஒன்றை மட்டும் கணினியின் கட்டுப்பாட்டில் விட்டார்கள். அந்த ஒரு வண்டி முன்னால் இடம் விட்டு, சராசரி வேகத்தில் நிதானமாகப் போனது. அலை அடங்கியது. மொத்த எரிபொருள் செலவு 40 விழுக்காடு வரை குறைந்தது. 2018இல் வெளியான இந்த ஆய்வு, இருபதில் ஒருவர் சரியாக ஓட்டினாலே வரிசை முழுவதும் மாறும் என்று காட்டியது. ஆனால் சந்தையில் விற்கும் கார்களில் உள்ள தானியங்கி வேகக் கட்டுப்பாட்டைச் சோதித்த வேறோர் ஆய்வில், சோதிக்கப்பட்ட ஏழு கார்களுமே மனிதர்களைப் போலச் சலனத்தைப் பெருக்கிப் பின்னால் தள்ளின. இயந்திரம் ஓட்டினாலும் இடம் வேண்டும்.

அரசு செய்யக்கூடியவை தெளிவானவை. பிரிட்டன் எம் 25 நெடுஞ்சாலையில் 1995 முதல் நெரிசலுக்கு ஏற்ப வேக வரம்பை மாற்றிக் காட்டும் பலகைகளை வைத்திருக்கிறது. நெரிசலை நோக்கி 100இல் வந்து மோதி நிற்பதைவிட, ஐந்து கி.மீ. முன்னாலேயே 60க்கு இறங்கிவருவது எல்லோரையும் சீக்கிரம் கொண்டுசேர்க்கும். பண்டிகை நாட்களில் சென்னை–திருச்சி சாலையிலாவது இதைச் செய்து பார்க்க வேண்டும். பேருந்துகள் ஓடுபாதையிலேயே நின்று ஆள் ஏற்றாதபடி ஒதுங்குமிடங்கள் வேண்டும். நடுத்தடுப்பில் கண்ட இடத்தில் உள்ள திறப்புகளை மூடி, திரும்புவதற்கு முறையான இடங்கள் அமைக்க வேண்டும். ஒவ்வொரு திறப்பும் நாள் முழுவதும் அலைகளை உண்டாக்கும் ஊற்று. சர்வீஸ் ரோட்டிலிருந்து நெடுஞ்சாலையில் ஏறும் இடத்தில், வேகம் எடுத்துச் சேர்ந்துகொள்ளப் போதிய நீளம் வேண்டும்.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். முன்வண்டி திடீரென்று நின்றாலும் மோதாத அளவு இடைவெளி விட வேண்டும் என்று நம் சாலை விதி சொல்கிறது. எவ்வளவு என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. எட்டுப் போடத் தெரிந்தால் உரிமம் கிடைத்துவிடுகிறது. இரண்டு நொடி விடத் தெரியுமா என்றும் சோதிக்க வேண்டும்.

அதைக் கற்பது எளிது. முன்வண்டி ஒரு விளக்குக் கம்பத்தையோ கிலோமீட்டர் கல்லையோ கடக்கும்போது “ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு” என்று நிதானமாகச் சொல்லுங்கள். சொல்லி முடித்த பிறகே நீங்கள் அந்தக் கம்பத்தைக் கடக்க வேண்டும். மழையில் நான்கு வரை எண்ணுங்கள். லாரி, பஸ் ஓட்டுகிறவர்கள் வெயிலிலும் மூன்றுக்குக் குறைக்க வேண்டாம்.

பொறியியல் மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். மேலைநாட்டுச் சூத்திரங்களைத் தேர்வுக்கு எழுதுவதோடு நிற்காதீர்கள். மேம்பாலத்தில் ஏறி நம் சாலையைப் படம்பிடித்து அளந்து பாருங்கள். சைதாப்பேட்டையில் ஒரு குழு செய்ததை உளுந்தூர்பேட்டையிலும் தொப்பூரிலும் கயத்தாற்றிலும் செய்ய ஆட்கள் வேண்டும்.

நாம் இடம் விடாததால் நின்றவர் யாரென்று நமக்குத் தெரியப்போவதில்லை. நாம் விட்டதால் நிற்காமல் போனவருக்கும் நம்மைத் தெரியப்போவதில்லை. மருத்துவமனைக்கு விரையும் ஆம்புலன்ஸாகவும் இருக்கலாம், பரீட்சைக்குப் போகும் பிள்ளையாகவும் இருக்கலாம். பார்க்காத மனிதருக்குச் செய்யும் உதவிக்கு நன்றியும் வராது, பாராட்டும் வராது. அறம் என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான் என்று நம்புகிறேன். இதற்கு அரசாணை வேண்டியதில்லை, புதிய சாலை வேண்டியதில்லை. இரண்டு நொடி போதும். நாளைக் காலையிலேயே தொடங்கலாம்.